குதிரைத் தீனும் பாண்டியர் பொன்னும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்நாட்டு வரலாற்றில் அரசர், போர், கோயில், நிலவுரிமை ஆகியன பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அவ்வரசரைச் சுமந்த விலங்கின் வயிற்றைப் பற்றி எழுதப்படவில்லை. இது நகைப்புக்குரிய குறைபோலத் தோன்றலாம். ஆயினும் 13ஆம் நூற்றாண்டிற் பாண்டிநாட்டின் பொன் ஆண்டுதோறும் பாரசீக வளைகுடாவை நோக்கிச் சென்றதற்கு, அந்நாட்டிற் குதிரைகள் நெடுநாள் உயிர்வாழவில்லை என்பதே காரணமெனக் கூறப்பட்டுள்ளது. அவை உயிர்வாழாமைக்கு அவற்றிற்கு இடப்பட்ட தீனே காரணமென அக்கால வெளிநாட்டார் இருவர் எழுதிவைத்துள்ளனர். அவர்களது கூற்றைப் பின்வந்தோர் பலரும் எடுத்தாண்டு, தமிழர் குதிரை வளர்க்கத் தெரியாதவர் என்ற முடிவுக்கு எளிதில் வந்தனர்.

இன்று குதிரையின் சமிபாட்டைப் பற்றிய அறிவு பெரிதும் வளர்ந்துள்ளது. குதிரை வளர்ப்போர், தம் குதிரையின் குடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணங்கிகளைக் கொண்ட பொடிகளையும் பசைகளையும் கடைகளில் வாங்குகின்றனர். புரோபயோற்றிக் எனப்படும் இப்பொருள்களில் எதனைத் தெரிவுசெய்வது என்பது அவர்களது வினா. பாண்டியர் பந்தியில் நடந்தது யாது என்பது வரலாற்று மாணவரின் வினா. இவ்விரு வினாக்களுக்கும் விடை ஓரிடத்திலேயே உள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடல் வழி வந்த குதிரை

தமிழகத்துக்குக் குதிரைகள் கடல் வழியாக வந்தமை மிகப் பழைய செய்தி. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் வந்திறங்கிய பொருள்களுள் குதிரைகளையும் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. ஈழத்து வரலாற்றிலும் இவ்வணிகத்தின் சுவடு உண்டு. அநுராதபுரத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரைகளைக் கப்பலிற் கொணர்ந்த ஒருவனின் மக்கள் என மகாவம்சம் கூறுகின்றது. குதிரை வணிகத்தாற் பெற்ற செல்வமும் செல்வாக்கும் ஆட்சியைக் கைப்பற்றும் வலுவைத் தரக்கூடியனவாயிருந்தன என இதனால் ஊகிக்கலாம்.

பாண்டிநாட்டு மக்கள் மனத்தில் இவ்வணிகம் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு மாணிக்கவாசகர் வரலாறு சான்றாகும். குதிரை வாங்குவதற்கெனப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சர் திருப்பெருந்துறையிற் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளாகிப் பந்தியில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடியதும் யாவரும் அறிந்த கதை. திருவிளையாடலின் சமய உட்பொருளை விலக்கிவிட்டு நோக்கினும், பெரும்பொன் கொடுத்து வாங்கிய குதிரை விடிவதற்குள் இல்லாது போகும் என்ற ஓர் அச்சம் அக்கதையின் அடியில் இருப்பதை உணரலாம்.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலத்தில், இவ்வணிகம் உச்சநிலையை அடைந்தது. தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியிலிருந்த காயல் அதன் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது. பாரசீகத்திலிருந்து எழுதிய வரலாற்றாசிரியரான வசாப், கிஷ் தீவின் அதிபரும் பெருவணிகருமான மலிக்குல் இஸ்லாம் சமாலுத்தீன் ஆண்டுதோறும் தமது சொந்தக் குதிரைகள் 1,400ஐ மாபாருக்கு, அதாவது பாண்டிநாட்டுக்கு, அனுப்பும் உடன்பாடு இருந்தமையைக் கூறுகின்றார். இவற்றைவிடக் கதீப், பகுரைன், ஓர்முஸ் முதலிய இடங்களிலிருந்து திரட்டத்தக்கனவும் அனுப்பப்பட்டன. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. வழியிற் குதிரை இறப்பினும் அதன் விலையை அரச பண்டாரம் செலுத்தவேண்டும் என்பது நிபந்தனை. சமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தக்கியுத்தீன் பாண்டிய அவையில் உயர்பதவி வகித்தார் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். விற்பவரின் தம்பியே வாங்குபவரின் ஆலோசகராகவும் இருந்தார்.

அத்தாபெக் அபூபக்கரின் காலத்தில் மாபாருக்கும் காம்பே முதலிய துறைகளுக்குமாக ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் வசாப் கூறுவார். அப்பணம் கோயில் நிலங்களினதும் அறக்கட்டளைகளினதும் மிகை வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் செலுத்தப்பட்டதாம். ஏறக்குறைய 1292-93இற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோவோ, அரசன் ஒருவனே ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், அவன் சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் நூறு குதிரைகளேனும் எஞ்சவில்லை என்றும் கூறுகின்றார். இருவர் தரும் தொகைகளும் பதினாயிரம் என ஒத்துவருவதாகத் தோன்றினும், வசாப் தரும் தொகை பாண்டிநாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது கவனிக்கத்தக்கது.

2. இரு சாட்சியங்கள்

குதிரைகள் இறந்தமைக்கு மார்க்கோ போலோ தரும் காரணங்கள் மூன்று. குதிரையைப் பேணத் தெரிந்தோர் அந்நாட்டில் இல்லை. குதிரைகளுக்குச் சோற்றொடு சமைத்த இறைச்சி கொடுக்கப்படுகின்றது. நாட்டின் தட்பவெப்பம் குதிரைக்கு ஏற்றதன்று. நல்லினக் குதிரையும் நல்லினப் பெட்டையும் கூடினும் கால் கோணிய, ஏறிச் செல்லுதற்குதவாத குட்டியே பிறக்கும் என்றும் அவர் எழுதினார். குதிரை வைத்தியரும் இலாடம் கட்டுவோரும் பாண்டிநாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என்ற குறிப்பும் அவர் நூலிலேயே உள்ளது. குதிரைகள் இறப்பது வணிகருக்கு இலாபம் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

வசாப் கூறுவன இன்னும் நுணுக்கமானவை. பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிற் பக்குவம் செய்த தானியமும் குதிரைகளுக்கு இடப்பட்டன. குடிப்பதற்குக் காய்ச்சிய பசுப்பால் கொடுக்கப்பட்டது. கொழுக்கவேண்டும் என்பதற்காக நாற்பது நாள்கள் அவை இலாயத்திற் கயிற்றாலும் முளையாலும் பிணிக்கப்பட்டன. அதன்பின் எவ்விதப் பயிற்சியுமின்றி வீரர் அவற்றின்மீது ஏறி விரட்டினர். வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே தளர்ந்து பயனற்றனவாயின. ஆகவே ஆண்டுதோறும் புதிய குதிரைகள் தேவைப்பட்டன.

இவ்விரு சாட்சியங்களையும் விசாரிப்பதற்குக் குதிரையின் குடல் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

3. குதிரையின் குடல்

மாடும் குதிரையும் புல்லைத் தின்றே வாழ்வன. எனினும் அவை புல்லைச் சமிக்கச் செய்யும் முறை வேறுவேறானது. மாட்டில் நொதித்தல் இரைப்பையிலேயே தொடங்கிவிடுகின்றது. குதிரையின் இரைப்பையோ அதன் உடலளவுக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 இலீற்றர் வரையே கொள்ளும். உணவு அதனைக் கடந்து, ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான சிறுகுடலினூடாக விரைந்து செல்லும். மாப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியன அங்கே சமிக்கின்றன. புல்லின் நார் அங்குச் சமிப்பதில்லை. அது குருட்டுக்குடலையும் பெருங்குடலையும் அடைந்த பின்னரே, அங்கு வாழும் எண்ணற்ற பற்றீரியாக்களாலும் பிற நுண்ணங்கிகளாலும் நொதிக்கச் செய்யப்படுகின்றது. நொதித்தலில் உண்டாகும் கொழுப்பமிலங்களே குதிரையின் சத்தித் தேவையிற் பெரும்பங்கை நிறைவுசெய்கின்றன. சுருங்கக் கூறின், குதிரை தன் வயிற்றின் பிற்பகுதியில் ஒரு பெரிய நொதிசாடியைச் சுமந்து திரிகின்றது.

இச்சாடியிலுள்ள நுண்ணங்கிகளைக் குட்டி தன் தாயிடமிருந்தும் சூழலிலிருந்தும் பெறுகின்றது. பிறந்து சில வாரங்களுக்குக் குட்டி தாயின் சாணத்தைத் தின்பது அருவருக்கத்தக்க செயலன்று. இயற்கை அதற்கு நுண்ணங்கிகளை ஊட்டும் வழிகளுள் அதுவும் ஒன்று.

நாரைச் சமிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் மெதுவாகப் பெருகுவன; அமிலத்தைத் தாங்காதன. தானியத்தைக் குதிரை அளவுக்கு மேல் உண்ணின், சிறுகுடலிற் சமிக்காது எஞ்சிய மாப்பொருள் பெருங்குடலை அடைகின்றது. அங்கே இலத்திரிக்கமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன. அமிலம் மிக, நாரைச் சமிக்கச் செய்வன மடிகின்றன. மடிந்த பற்றீரியாக்களிலிருந்து வெளிப்படும் நஞ்சு இரத்தத்திற் கலக்கின்றது. இதன் விளைவு வயிற்றுக்குத்தும் குளம்பழற்சியும் ஆகும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளத்தக்கது. குளம்பழற்சி கண்ட குதிரை நிற்கவும் நடக்கவும் இயலாது தளரும். விரைவு மிக்க குதிரைகள் சிறிது காலத்திற் பயனற்றனவாயின என்ற வசாப்பின் வருணனை இதனோடு பொருந்துவது வியப்புக்குரியது.

500 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு நீர் நீங்கிய நிறையிற் குறைந்தது 7½ கிலோகிராம் புல் அல்லது வைக்கோல் போன்ற நார்த்தீன் வேண்டும் என்பதும், ஒரு வேளைக்கு ஏறத்தாழ 500 கிராம் மாப்பொருளுக்கு மேற் கொடாதிருத்தல் பாதுகாப்பானது என்பதும், தீனை மாற்றும்போது ஒன்று அல்லது இரண்டு வாரங்களிற் படிப்படியாக மாற்றவேண்டும் என்பதும் இன்றைய அறிவு.

4. சாட்சியங்களை விசாரித்தல்

மார்க்கோ போலோவும் வசாப்பும் வியப்போடும் இகழ்ச்சியோடும் குறிப்பிடும் தீன், பாண்டிநாட்டாரின் அறியாமையிற் பிறந்ததா என்பது முதல் வினா. 1905இற் கண்டெடுக்கப்பட்டு 1909இற் சாமசாத்திரியாரால் அச்சேற்றப்பட்ட அர்த்தசாத்திரத்திற் குதிரைப் பந்தித் தலைவனின் கடமைகள் கூறப்பட்டுள்ளன. அங்கே முதற்தரக் குதிரைக்கு விதிக்கப்பட்ட உணவில் அரைவேக்காட்டு அரிசி அல்லது வாற்கோதுமை அல்லது தினை, அவித்த பயறு அல்லது உளுந்து, எண்ணெய், உப்பு, இறைச்சி, நனைப்பதற்குத் தயிர், பருகுவதற்குக் கள்வகை அல்லது பால் என்பன இடம்பெறுகின்றன. எனவே சோறு, இறைச்சி, நெய்ப்பொருள், பால் ஆகியவற்றைக் குதிரைக்கு ஊட்டும் வழக்கம் இந்தியப் பந்திகளில் நெடுங்காலம் நிலவிய ஓர் அரச மரபின் தொடர்ச்சியே என்பது தெளிவு. பாலைநிலத்துப் பாரசீகரும் வெனிசு நகரத்தாரும் அறியாத வழக்கு என்பதனால் அது அறியாமையாகிவிடாது.

வறுத்தலையும் அவித்தலையும் இக்கால அறிவு குறைகூறவில்லை. சூட்டினாற் பக்குவப்பட்ட வாற்கோதுமையின் மாப்பொருள் சிறுகுடலில் நன்கு சமிப்பதனாற் பெருங்குடலுக்கு எஞ்சிச் செல்வது குறைகின்றது. வசாப் இகழ்ந்த செயல் ஓரளவு நன்மை தந்திருத்தல் கூடும். பாலைப் பொறுத்தவரையில் அவரது ஐயம் நியாயமானதே. வளர்ந்த குதிரையின் குடலிற் பாற்சருக்கரையைச் சமிக்கச் செய்யும் நொதியம் மிகக் குறைவு. பெருமளவு பால் கொடுப்பின் அது பெருங்குடலிற் சென்று புளிக்கும்.

அவ்வாறாயின் குறை எங்கே இருந்தது? அர்த்தசாத்திரம் மேற்கூறிய உணவுகளை விதித்த பின்னர், அவற்றோடு பசுந்தீனும் புல்லும் சுமைக்கணக்கிற் கொடுக்கப்படவேண்டும் எனவும் விதிக்கின்றது. மார்க்கோ போலோவோ வசாப்போ புல்லைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இம்மௌனத்துக்கு இருவகையாகப் பொருள்கொள்ளலாம். புல் கொடுக்கப்பட்டிருந்தும், அது யாவரும் அறிந்த செயலாதலின் எழுதப்படாமல் விடப்பட்டிருக்கலாம். அல்லது, கொழுக்கவைக்கும் அந்த நாற்பது நாள்களிற் புல் குறைக்கப்பட்டுத் தானியமும் நெய்யும் பெருக்கப்பட்டிருக்கலாம். பின்னையதே நடந்ததெனின், பாண்டியர் பந்தி பழைய மரபின் ஒரு பாதியை மட்டும் கைக்கொண்டு, மற்றைய பாதியைக் கைவிட்டது எனலாம். மேய்ச்சலில் விட்ட குதிரை நாளொன்றிற் பதினான்கு மணி நேரத்துக்கு மேலும் நடந்து நடந்து மேயும் இயல்புடையது. அதனைக் கட்டிவைத்து, நாரைக் குறைத்து, தானியத்தைப் பெருக்கினாற் குடல் நோய்க்குக் குறைவிராது.

கடற்பயணத்தையும் மறத்தலாகாது. கயிற்றால் தைக்கப்பட்ட ஓர்முஸ் கப்பல்களிற் சரக்கின்மேல் தோலைப் பரப்பி, அதன்மேற் குதிரைகளை நிறுத்தி ஏற்றிச்சென்றதை மார்க்கோ போலோவே வருணித்துள்ளார். வாரக்கணக்கான பயணத்தில் நீர்க்குறைவு, தீன்குறைவு, வெப்பம், அச்சம் ஆகியவற்றாற் குதிரையின் குடல் நுண்ணங்கிகள் நிலைகுலைந்திருக்கும். அவ்வாறு காயலில் வந்திறங்கிய குதிரைக்கு மறுநாளே புதிய தானியத்தை நிறைய இடுவது எரிகின்ற நெருப்பில் நெய் வார்ப்பதை ஒக்கும்.

எனினும் எல்லா இறப்பையும் தீனின்மேற் சுமத்துவது நேர்மையாகாது. ஈக்களாற் பரவி, குதிரைகளை மெலிவித்துக் கொல்லும் சுர்ரா என்னும் நோய் இந்திய மண்ணில் இருந்தது. அதனை உண்டாக்கும் ஒட்டுண்ணியை 1880இல் கிரிபித் எவன்சு கண்டறிந்தார். கால் கோணிய குட்டிகள் பற்றிய செய்திக்கும் வேறு விளக்கம் கூடும். அரிசித் தவிட்டிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. வெப்பநாட்டுப் புற்கள் சிலவற்றிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைக் குடலிற் பிணித்துவிடும். இவ்வாறான தீனை உண்ட பெட்டைக்கும் குட்டிக்கும் எலும்பு நலிதல் இயல்பே. அரிசியன்றி வேறு தானியம் விளையாத நாடு என மார்க்கோ போலோ கூறுவது உண்மைக்கு அப்பாற்பட்டதாயினும், குதிரைகளுக்கு நெல்லின் விளைபொருள்களே பெரிதும் இடப்பட்டன என்பதை அது உணர்த்துகின்றது.

இறப்புத் தொகையையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 1311இல் மாலிக் கபூர் தென்னாட்டுப் படையெடுப்பிலிருந்து தில்லிக்குக் கொண்டுசென்ற கொள்ளையில் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் இருந்தன என அமீர் குஸ்ரு கூறுகின்றார். பரணியோ 612 யானைகள், 20,000 குதிரைகள் எனக் கூறுவார். இவற்றுட் போசள நாட்டிற் கைப்பற்றப்பட்டனவும் அடங்கும். இரண்டிற் சிறிய தொகையைக் கொண்டாலும், ஆண்டிறுதியில் நூறு குதிரைகளும் எஞ்சாத நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கவர்தல் எங்ஙனம் இயலும்? மார்க்கோ போலோவின் செய்தி குதிரை வணிகர் வாயிலாக வந்தது என்பதை இவ்விடத்தில் ஐயுறுதல் தகும். தம் குதிரைகள் விரைவில் இறப்பதற்கு வாங்குவோரின் அறியாமையே காரணம் என்பது விற்போருக்கு மிக வசதியான விளக்கமாகும். வழியில் இறந்தவற்றுக்கும் விலை பெற்ற அவ்வணிகர், கப்பலிற் குதிரைகளைப் பேணுவதில் எத்துணை அக்கறை காட்டியிருப்பர்? இருநூறு ஆண்டுகளின் பின் விசயநகரத்துச் சாளுவ நரசிங்கன், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொணர்ந்து காட்டினாலே முழுவிலையும் கொடுத்தான் எனப் போர்த்துக்கேயரான நூனிசு எழுதினார். இறந்த குதிரைக்கும் உயிருள்ள குதிரைக்கும் ஒரே விலை என்ற விதி, உயிரைக் காக்கும் முயற்சியை வளர்த்திருக்க முடியாது.

5. புல் உள்ள இடத்திற் குதிரை

தட்பவெப்பமே காரணம் என்ற வாதத்துக்கு மறுப்பு எமது நாட்டிலேயே உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் நெடுந்தீவுக்குக் கொணரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்திலும் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவின் வெளிகளிற் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் கால இலாயத்தின் தூண்கள் அங்கே எஞ்சி நிற்கின்றன. காயலுக்கும் நெடுந்தீவுக்கும் வெப்பத்தில் வேற்றுமை பெரிதில்லை. இக்குதிரைகளுக்குச் சோறிடுவாருமில்லை, நெய்யூட்டுவாருமில்லை. அவை புல்லை மேய்ந்து, இனம்பெருக்கி, தலைமுறை தலைமுறையாக நின்று நிலைத்துள்ளன. வறட்சியில் நீரும் புல்லும் அற்றுப்போகும்போதே அவை மடிகின்றன. நல்லினக் குதிரை இந்நாட்டில் ஈனாது என்ற பழங்கூற்றுக்கு நெடுந்தீவே விடை கூறுகின்றது.

தமிழகத்திலும் பிற்காலத்தில் நிலைமை திருந்தியமைக்குச் சான்று உண்டு. கொள்ளை அவித்துக் குதிரைக்கு ஊட்டுதல் தென்னிந்தியாவிற் பெருவழக்காயிற்று. அப்பயற்றின் ஆங்கிலப் பெயரே குதிரையின் பெயரால் அமைந்தது. கொள்ளென்றால் வாய் திறக்கும் குதிரை, கடிவாளமென்றால் வாய் மூடும் என்ற பழமொழி இன்றும் வழங்குகின்றது. பச்சைக் கொள்ளிற் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் உண்டு. அவிக்கும்போது அது பெரிதும் குறைகின்றது. அநுபவம் கண்ட உண்மையை ஆய்வு பின்னர் உறுதிசெய்தது. பிரித்தானியரின் இந்தியக் குதிரைப்படையில் குதிரைக்காரரோடு புல்வெட்டுவோரும் இருந்தனர். அறுகம்புல்லை வேரோடு தோண்டி, மண்ணை உதறிக் கொணர்தலே அவர்களது நாளாந்தத் தொழில். வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயர்களைத் தருகின்றன. படையைக் காத்த அப்புல்வெட்டிகளின் பெயர்களைத் தருவதில்லை.

6. தயிரிலிருந்து பொடி வரை

அர்த்தசாத்திரப் பந்தியில் இடம்பெற்ற தயிர், உயிருள்ள நுண்ணங்கிகளைக் கொண்ட உணவு. அதனை இட்டோர் நுண்ணங்கிகளை அறியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிசு பசுத்தர் நிறுவகத்தைச் சேர்ந்த மெச்னிக்கோவ், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் குடலில் அழுகலைத் தடுத்து முதுமையைத் தாமதிக்கும் என 1907இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். புரோபயோற்றிக் என்ற சொல்லை 1965இல் இலில்லி, இசுத்தில்வெல் ஆகியோர் வேறொரு பொருளில் ஆண்டனர். 1974இற் பாக்கர் அதனை விலங்குத் தீனோடு தொடர்புபடுத்தினார். 1989இற் புல்லர் அதற்கு, விலங்கின் குடல் நுண்ணங்கிச் சமநிலையைத் திருத்தி நன்மை தரும் உயிருள்ள தீன்துணை என வரைவிலக்கணம் தந்தார். உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இற் கூட்டிய நிபுணர் குழு, போதிய அளவிற் கொடுக்கப்படும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணங்கிகள் என அதனை வரையறுத்தது. உயிருள்ளமை, போதிய அளவு, நன்மை என்ற மூன்றும் இவ்வரையறையின் உயிர்நாடிகள்.

குதிரைகளிற் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. மாப்பொருள் மிக்க தீனை உண்ட குதிரைகளுக்கு மதுவத்தைக் கொடுத்தபோது பெருங்குடலின் அமில மாற்றம் ஓரளவு தணிந்தமையை 2002இற் பிரான்சிய ஆய்வாளர் கண்டனர். கடுங்குடலழற்சி கண்ட 14 குதிரைகளில் 2005இல் நடத்தப்பட்ட ஆய்வில், மற்றொரு வகை மதுவம் கழிச்சலின் கடுமையையும் காலத்தையும் குறைத்தது. அதே ஆண்டிற் கனடாவின் குவெல்பு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீசும் அவருடன் ஆய்ந்தவரும் வெளியிட்ட ஆய்வு எதிர்மாறான முடிவைத் தந்தது: குட்டிகளுக்குக் கழிச்சல் வராது தடுக்கக் கொடுத்த ஒரு வகை இலத்திரிக்கமிலப் பற்றீரியா, கழிச்சலை மிகுவித்தது. அதுவும் குதிரையின் குடலிலிருந்தே பெறப்பட்ட வகை. நன்மை செய்யாவிடினும் தீமை செய்யாது என்ற பொதுநம்பிக்கையை இம்முடிவு தகர்க்கின்றது.

ஆகவே இன்று ஒரு குதிரைக்கு இவ்வகைத் துணைத்தீனைத் தெரிவுசெய்வோர் சிலவற்றை ஆராய்தல் வேண்டும். முதலாவது, தேவை. நீண்ட பயணம், தீன் மாற்றம், நுண்ணுயிர்கொல்லி மருந்து ஆகியவற்றின்போதே இதனை நாடுவதற்கு நியாயம் உண்டு. நுண்ணுயிர்கொல்லி கொடுக்கப்படும்போது பற்றீரியா வகைகள் அதனாலேயே அழியக்கூடும்; மதுவம் அழிவதில்லை. இரண்டாவது, இனம். நல்ல பற்றீரியா என்ற பொதுப்பெயர் போதாது. எந்த இனம், அதனுள் எந்த வகை, அது குதிரையில் ஆராயப்பட்டதா என்பன தெரியவேண்டும். மனிதருக்கு அல்லது மாட்டுக்கு நன்மை தந்தது குதிரைக்கும் தரும் எனக் கொள்வதற்கில்லை. மூன்றாவது, உயிர். உற்பத்தி நாளில் எத்தனை கோடி இருந்தன என்பதிலும், காலாவதி நாளில் எத்தனை உயிரோடிருக்கும் என்பதே முக்கியம். எமது வெப்பத்திற் களஞ்சிய அறையிற் கிடக்கும் பொடியைப் பொறுத்து இவ்வினா இன்னும் கூர்மையானது. நான்காவது, மெய்ம்மை. கடைகளில் விற்கப்பட்ட பல பொருள்களின் சிட்டையில் எழுதப்பட்டவை முழுமையாகவோ சரியாகவோ இருக்கவில்லை என்பதை இத்துறை ஆய்வுகள் காட்டியுள்ளன. இறுதியாக, வயிற்றுக்குத்தோ கடுங்கழிச்சலோ கண்ட குதிரைக்கு மிருக வைத்தியரே தேவை; பொடி அவருக்கு ஈடாகாது.

இவை அனைத்துக்கும் முற்பட்டது புல். பொடியிலுள்ள நுண்ணங்கிகள் பெரும்பாலும் குடலிற் குடியேறி நிலைப்பதில்லை. நாரைச் சமிக்கச் செய்யும் குதிரையின் சொந்த நுண்ணங்கிகளுக்கு அவை பதிலாகவும் மாட்டா. அச்சொந்த நுண்ணங்கிகளுக்கு உணவு நாரேயாகும். தானியத்தைப் பெருக்கி, நாரைக் குறைத்து, அதன் தீங்கைப் பொடியால் மாற்றலாம் என எண்ணுவோர், புல்லின்றித் தயிரும் நெய்யும் ஊட்டிய பந்தியின் வழியிலேயே செல்கின்றனர்.

7. முடிவு

பாண்டியர் குதிரைகள் இறந்தமைக்குத் தீன் ஒரு காரணமாக இருந்திருத்தல் கூடும் என்பதை இன்றைய அறிவு ஏற்கின்றது. ஆனாற் சமைத்த உணவைப் பழித்த வெளிநாட்டார், காரணத்தை உரிய இடத்திற் காணவில்லை. குறை, கொடுக்கப்பட்டதிலும் பார்க்கக் கொடுக்கப்படாததிலேயே இருந்திருக்கவேண்டும். அதனோடு கப்பலின் கொடுமையும், வைத்தியரைத் தடுத்த வணிகரின் நலனும், இறந்தவற்றுக்கும் விலை கொடுத்த உடன்பாடும் சேர்ந்தே ஆண்டுதோறும் பொன்னை வெளியேற்றின. அப்பொன் கோயில் நிலத்தை உழுதோரின் உழைப்பிலிருந்தும், கணிகையரின் வரியிலிருந்தும் வந்தது.

ஒரு மக்கட் கூட்டத்தை அறியாதார் எனக் கூறும் சாட்சியத்தை ஏற்குமுன், அதனைக் கூறியவருக்கு அதனால் வந்த நன்மை யாது என வினவுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும். ஒரு பொடியைக் குதிரைக்கு ஊட்டுமுன் அதே வினாவைக் கேட்பது குதிரை வளர்ப்போருக்கும் தகும். காயலில் அன்று குதிரையை விற்றவரே அது இறந்ததற்கான காரணத்தையும் விற்றனர். அக்காரணத்தை நாம் எழுநூறு ஆண்டுகளாக விலை பேசாமலே வாங்கிவந்திருக்கின்றோம்.